சென்னை – போர்ட் பிளேர்: தூரமும் பறக்கும் நேரமும் கணித்துச் சொல்லும் இணையச் சேவைகள் பற்றி ஒரு மதிப்புரை

என் தங்கை திருமணமாகிப் போர்ட் பிளேரில் குடியேறி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. கடந்த ஆகஸ்ட் மாதம், எழுபத்திரண்டு வயதான அம்மாவை முதன்முறையாக அங்கே அழைத்துச் செல்வதென்று முடிவானபோது, அம்மா என்னிடம் கேட்டது ஒரே ஒரு கேள்விதான்: "எவ்வளவு நேரம்டா ஒரே இடத்துல உட்காரணும்?" அம்மாவுக்கு இரண்டு முழங்காலிலும் தேய்மானம் உண்டு, ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் காலை மடக்கி உட்கார்ந்தால் எழுந்து நிற்கவே யாராவது கை கொடுக்க வேண்டும். மருத்துவரிடம் கேட்டு மாத்திரை நேரத்தை மாற்றவும், நடைபாதையை ஒட்டிய இருக்கைக்குக் கூடுதல் பணம் கட்டலாமா என்று தீர்மானிக்கவும், விமானத்தைவிடக் கப்பலே மேலா என்று யோசிக்கவும் எனக்குச் சரியான எண்கள் தேவைப்பட்டன. இரண்டு ஊர்களின் பெயரைக் கொடுத்தால் இடைப்பட்ட தூரத்தையும் பறக்கும் நேரத்தையும் நொடியில் சொல்லிவிடும் இணையதளங்கள் பல இருக்கின்றன. அவற்றில் ஐந்தாறைத் தொடர்ந்து இரண்டு வாரங்கள் பயன்படுத்திப் பார்த்தேன். பிறகு பயணத்தின்போது கைக்கடிகாரத்தை வைத்து நானே நேரத்தைக் குறித்து ஒப்பிட்டேன். அந்த அனுபவத்தை வைத்தே இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இத்தகைய சேவைகளில் பெரும்பாலானவை கணக்கில் தவறுவதில்லை. எதை அளந்தோம் என்று சொல்லாமல் விடுவதில்தான் தவறுகின்றன. நகர மையத்திலிருந்து நகர மையத்துக்கா, விமான நிலையத்திலிருந்து விமான நிலையத்துக்கா, வான்வழியா, கடல்வழியா, கிலோமீட்டரா, மைலா, கடல் மைலா என்பதைச் சொல்லாமல் ஓர் எண்ணை மட்டும் பெரிய எழுத்தில் போட்டுவிட்டால், அதைப் படிக்கிறவருக்கு அது அரைகுறைத் தகவல்தான். அதிலும் இரண்டு ஊர்களும் கடற்கரை ஊர்களாக, இடையில் முழுக்கக் கடலாக இருக்கும்போது இந்தக் குறை பன்மடங்காகிவிடுகிறது.

நான் முதலில் பார்த்த தளத்தின் பெயரைச் சொல்ல விரும்பவில்லை. தேடுபொறியில் மேலே வரும் தளங்களில் அதுவும் ஒன்று. அது சென்னைக்கும் போர்ட் பிளேருக்கும் இடையிலான நேர்கோட்டுத் தூரத்தைச் சரியாகவே கொடுத்துவிட்டு, அதற்குக் கீழேயே சாலைத் தூரம் என்று இன்னோர் எண்ணையும், காரில் செல்ல ஆகும் நேரத்தையும் கொடுத்திருந்தது. வங்கக் கடலில் எந்தச் சாலையும் இல்லை என்பது அந்த நிரலுக்குத் தெரியவில்லை. நேர்கோட்டுத் தூரத்தை ஏதோ ஒரு மடங்கால் பெருக்கிச் சாலைத் தூரம் என்று எழுதிவிடுகிறது. சென்னைக்கும் மும்பைக்கும் இடையே இந்தக் குறுக்குவழி ஓரளவு பொருந்தும். அங்கே வான்வழி ஏறத்தாழ 1,030 கி.மீ. என்றால் சாலைவழி 1,300 கி.மீ.க்குச் சற்று மேல். ஆனால் ஒரு தீவுக்கு இதே பெருக்கலைச் செய்வதை எந்தவிதத்திலும் ஏற்க முடியாது. வழி இல்லாத இடத்தில் 'வழி இல்லை' என்று சொல்வதும் ஒரு சேவைதான்.

இரண்டாவது தளத்தில் வேறு சிக்கல். போர்ட் பிளேரின் பெயரை ஸ்ரீ விஜய புரம் என்று மாற்றுவதாக மத்திய அரசு 2024 செப்டம்பரில் அறிவித்தது. புதுப் பெயரை இட்டுப் பார்ப்போம் என்று தட்டச்சு செய்தேன். அந்தத் தளம் 'விஜயபுரம்' என்பதை மட்டும் பிடித்துக்கொண்டு, கர்நாடகத்தின் வடபகுதியில் இருக்கும் விஜயபுரா நகருக்கு, அதாவது பழைய பீஜப்பூருக்கு, என்னை அனுப்பிவிட்டது. திரையில் வந்த தூரம் 640 கி.மீ. சுற்று. வரைபடத்தைப் பார்க்காமல் எண்ணை மட்டும் படித்திருந்தால், அம்மாவிடம் ஒரு மணி நேரப் பயணம் என்று சொல்லியிருப்பேன். ஆகவே, எந்தத் தளத்தைப் பயன்படுத்தினாலும் ஊர்ப் பெயரை நம்பாமல், விமான நிலையத்தின் மூன்றெழுத்துக் குறியீட்டை இடுவதே பாதுகாப்பானது என்று அன்றே தெரிந்துகொண்டேன். சென்னைக்கு எம்ஏஏ, போர்ட் பிளேருக்கு ஐஎக்ஸ்இசட். ஊரின் பெயர் மாறினாலும் பயணச்சீட்டிலும் பெட்டியில் ஒட்டும் சீட்டிலும் இந்த எழுத்துகளே இருந்தன.

மூன்றாவதாகப் பார்த்தது கணிப்பான் அல்ல. பயண வழிகாட்டிப் பக்கம். அதில், 'போர்ட் பிளேர் சென்னையிலிருந்து 1,190 கி.மீ. தொலைவில் உள்ளது' என்று இருந்தது. இந்த எண்ணை நீங்களும் படித்திருப்பீர்கள். அந்தமானைப் பற்றிய எத்தனையோ சுற்றுலாப் பக்கங்களில், பொது அறிவு நூல்களில், பயணக் கட்டுரைகளில் இதே எண் வருகிறது. ஆனால் முதல் தளம் ஏறத்தாழ 1,360 கி.மீ. என்று சொல்லியிருந்தது. இரண்டுக்கும் இடையே 170 கி.மீ. வித்தியாசம். சென்னையிலிருந்து கிளம்பினால் விழுப்புரத்தைத் தொட்டுவிடும் தூரம் இது. அலட்சியப்படுத்திவிட்டுப் போகக்கூடிய வித்தியாசம் அல்ல. எது சரி என்று தெரியாமல் அடுத்த அடி எடுத்து வைக்க எனக்கு மனம் வரவில்லை. காகிதத்தை எடுத்து நானே கணக்குப் போட்டேன்.

கணக்கு கடினமானது அல்ல. சென்னை வட அட்சரேகை 13.08 பாகையிலும் கிழக்குத் தீர்க்கரேகை 80.27 பாகையிலும் இருக்கிறது. போர்ட் பிளேர் 11.62 பாகை வடக்கு, 92.73 பாகை கிழக்கு. அப்படியானால் வடக்கு – தெற்காக இரண்டுக்கும் இடையே 1.46 பாகை, கிழக்கு – மேற்காக 12.46 பாகை. வடக்கு – தெற்கில் ஒரு பாகை என்பது ஏறத்தாழ 111.2 கி.மீ.; கிழக்கு – மேற்கில் நிலநடுக்கோட்டிலிருந்து விலக விலக அது சுருங்கும்; நம்முடைய இந்த அட்சரேகையில் ஒரு பாகைக்கு 108.6 கி.மீ. வரும். பெருக்கினால் ஒரு பக்கம் 162 கி.மீ., இன்னொரு பக்கம் 1,353 கி.மீ. பள்ளியில் படித்த செங்கோண முக்கோண விதியின்படி இரண்டையும் வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 1,363 கி.மீ. கிடைக்கிறது. பூமி உருண்டை என்பதற்காக முறையான கோளக் கணக்கைச் செய்தாலும் இத்தனை குறுகிய தூரத்தில் விடை ஏறத்தாழ மாறுவதில்லை. ஆக, 1,190 என்பது நேர்கோட்டுத் தூரமாக இருக்கவே முடியாது. கடல்வழித் தூரமாகவும் இருக்க முடியாது. ஏனென்றால் எந்தக் கப்பலும் நேர்கோட்டைவிடக் குறைந்த தூரத்தில் போய்ச் சேர முடியாது.

பிறகு இந்த 1,190 எங்கிருந்து வந்தது? இரண்டு நாள் மண்டையைக் குடைந்துகொண்டிருந்த கேள்விக்கு, கப்பல் பயணத்தைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தபோது விடை கிடைத்தது போலத் தோன்றியது. கடலிலும் வானிலும் தூரத்தைக் கடல் மைலில்தான் அளப்பார்கள். ஒரு கடல் மைல் என்பது 1.852 கி.மீ.; தரையில் நாம் சொல்லும் மைல் 1.609 கி.மீ. சென்னை – போர்ட் பிளேர் தூரத்தைக் கடல் மைலில் சொன்னால் ஏறத்தாழ 740. இந்த 740-ஐ யாரோ ஒருவர் கடல் மைல் என்று அறியாமல், தரை மைல் என்று நினைத்து 1.609-ஆல் பெருக்கியிருந்தால் விடை 1,191 கி.மீ. வரும். சரியாக 1.852-ஆல் பெருக்கினால் 1,370 கி.மீ. வரும். தவறு நேர்ந்தது இப்படித்தான் என்பதற்கு என்னிடம் ஆவணம் எதுவும் இல்லை. இது என் ஊகம் மட்டுமே. ஆனால் இரண்டு எண்களும் இவ்வளவு நெருக்கமாகப் பொருந்துவதைப் பார்த்த பிறகு, வேறு எந்த விளக்கமும் எனக்கு இதைவிடப் பொருத்தமாகப் படவில்லை. ஓர் அலகை எழுதாமல் விட்டதால் ஒரு தீவே நிலப்பரப்பை நோக்கி 170 கி.மீ. நகர்ந்து வந்துவிட்டது.

இந்தக் குழப்பம் தீர்ந்த பிறகு நான் நாடிய சேவை கிரேட் சர்க்கிள் மேப்பர். மிகப் பழைய தோற்றம். அழகூட்டல் எதுவும் கிடையாது. இதைச் செய் அதைச் செய் என்று குறுக்கிடும் பெட்டிகளும் வருவதில்லை. இரண்டு விமான நிலையக் குறியீடுகளை இடையில் ஒரு சிறு கோட்டுடன் எழுதினால் போதும். வரைபடத்தில் பாதையை வரைந்து, தூரத்தையும் கொடுத்துவிடும். முதலில் மைலில்தான் வரும். கிலோமீட்டரோ கடல் மைலோ வேண்டுமென்றால் பக்கத்திலேயே மாற்றிக்கொள்ளலாம். அலகு எது என்பது எண்ணின் அருகிலேயே இருக்கிறது. நான் பட்ட பாட்டுக்கு, இந்த ஒரு பண்புக்காகவே இதற்கு முழு மதிப்பெண் கொடுப்பேன். அது காட்டிய தூரம் 850 மைல் சுற்று, அதாவது 1,370 கி.மீ.க்குச் சற்றுக் கூட. என் கையால் போட்ட கணக்கில் 1,363 வந்ததற்கும் இதற்கும் இருக்கும் சிறு வேறுபாட்டுக்குக் காரணம் மீனம்பாக்கம். நான் எடுத்துக்கொண்டது சென்னை நகர மையம். விமான நிலையமோ நகர மையத்துக்குத் தென்மேற்கே, கடலிலிருந்து விலகி இருக்கிறது. அதனால் கிழக்கே போகிறவருக்கு வான்வழியில் பத்து கி.மீ. அளவுக்குக் கூடிவிடுகிறது. போர்ட் பிளேரில் அந்த வேறுபாடு இல்லை. லம்பா லைன் பகுதியில் இருக்கும் வீர் சாவர்க்கர் விமான நிலையம் ஊரோடு ஒட்டியே இருக்கிறது.

பூமியை 6,371 கி.மீ. ஆரமுள்ள முழு உருண்டையாக எடுத்துக்கொள்ளும் தளங்களும் உண்டு, துருவங்களில் சற்றுத் தட்டையானதாகக் கொண்டு துல்லியமாகக் கணிக்கும் தளங்களும் உண்டு. சில மதிப்புரைகளில் இதைப் பெரிய குறையாக எழுதியிருக்கிறார்கள். இந்தத் தடத்தில் இரண்டுக்கும் வேறுபாடு இரண்டு கிலோமீட்டருக்கும் குறைவு. பயணிக்கு இது ஒரு பொருட்டே அல்ல.

தூரம் ஒருவழியாக நிச்சயமானது. ஆனால் அம்மா கேட்டது தூரத்தை அல்ல, நேரத்தை. கணிப்பான் தளங்கள் பல பின்பற்றும் முறை மிக எளியது: விமானம் மணிக்கு 500 மைல், அதாவது 805 கி.மீ. வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொண்டு தூரத்தை வகுத்து, ஏறவும் இறங்கவும் என்று அரை மணி நேரத்தைச் சேர்த்துவிடுவார்கள். இந்த முறையில் 1,372 கி.மீ.க்கு 2 மணி 12 நிமிடம் வருகிறது. தவறான 1,190-ஐ இட்டால் இரண்டு மணிக்கும் ஒரு நிமிடம் குறைவாக வருகிறது. விமான நிறுவனங்களின் கால அட்டவணையில் 2 மணி 10 நிமிடத்திலிருந்து 2 மணி 20 நிமிடம் வரை போட்டிருந்தார்கள். அந்த எளிய கணக்கு அட்டவணையோடு இவ்வளவு நெருங்கி வந்ததைப் பார்த்து எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் 2 மணி 12 நிமிடம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை ஒரு தளம்கூடச் சொல்லவில்லை. விமானம் தரையை விட்டு எழும்பியதிலிருந்தா? கதவு மூடியதிலிருந்தா? அம்மாவின் முழங்காலுக்கு அதுதான் முக்கியமான கேள்வி.

எனவே பயண நாளன்று நானே குறித்துக்கொண்டேன். அம்மா இருக்கையில் அமர்ந்தபோது மணி 6.34. சக்கர நாற்காலி உதவி கேட்டிருந்ததால் எங்களை முதலிலேயே ஏற்றிவிட்டார்கள். அதற்கு நன்றி சொல்ல வேண்டும் என்றாலும், அதனாலேயே அம்மா உட்கார்ந்திருக்கும் நேரம் கூடியது என்பதையும் சொல்லியாக வேண்டும். விமானம் நிறுத்துமிடத்திலிருந்து பின்னால் தள்ளப்பட்டது 7.12-க்கு. ஓடுதளத்தின் முனைக்கு ஊர்ந்து போய், முன்னால் நின்ற விமானங்கள் போகும்வரை காத்திருந்து, சக்கரம் தரையை விட்டபோது 7.29. போர்ட் பிளேரில் சக்கரம் தரையைத் தொட்டது 9.25. என்ஜின் அணைந்தது 9.31. கதவு திறந்து, மற்றவர்கள் எல்லாரும் இறங்கிய பிறகு அம்மா எழுந்து நின்றது 9.48.

இதில் வானத்தில் இருந்த நேரம் 1 மணி 56 நிமிடம். பின்னால் தள்ளப்பட்டதிலிருந்து என்ஜின் அணைந்தது வரை 2 மணி 19 நிமிடம். விமான நிறுவனங்கள் அட்டவணையில் போடுவது இந்த நேரத்தைத்தான். அம்மா இருக்கையில் இருந்தது 3 மணி 14 நிமிடம். ஒரே பயணத்துக்கு மூன்று நேரங்கள்; மூன்றுமே உண்மை. எந்தத் தளமும் மூன்றாவதைத் தருவதில்லை. அது தனித்தனிப் பயணியைப் பொறுத்தது என்பதால் தர முடியாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முதல் இரண்டில் எதைத் தருகிறோம் என்றாவது சொல்லலாமே. வயதானவர்களை, கைக்குழந்தைகளை, சர்க்கரை நோய்க்கு ஊசி போட்டுக்கொள்கிறவர்களை அழைத்துப் போகிறவர்கள், திரையில் பார்க்கும் நேரத்தோடு குறைந்தது முக்கால் மணி நேரம் கூட்டிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன். நல்லவேளையாக, பாதி வழியில் பணிப்பெண் ஒருவர் தாமாகவே வந்து, "கொஞ்சம் நடக்கிறீங்களா பாட்டி?" என்று கேட்டு, பின்பக்கம் வரை அம்மாவைக் கைப்பிடித்து அழைத்துப் போய்வந்தார். இருக்கைக்குத் திரும்பியபோது அம்மாவின் முகத்திலேயே வலி குறைந்தது தெரிந்தது.

வேறொன்றையும் அன்று கவனித்தேன். ஆகஸ்ட் மாதத்தில் சென்னையில் தரைக்காற்று மேற்கிலிருந்து வீசும். விமானம் காற்றை எதிர்த்தே எழும்ப வேண்டும் என்பதால், கிழக்கே போக வேண்டிய எங்கள் விமானம் மேற்கு நோக்கி ஓடி எழும்பி, பிறகு வளைந்து திரும்பிக் கடலை நோக்கி வந்தது. கடற்கரையைத் தாண்டும்போது எழும்பிச் சில நிமிடங்கள் ஆகியிருந்தன. பூமியின் மேல் இரண்டு ஊர்களை இணைக்கும் மிகக் குறுகிய கோடான பெருவட்டக் கோட்டில் இந்த வளைவுக்கு இடமில்லை. அதேபோல் போர்ட் பிளேரில் ஓடுதளத்தின் ஒரு பக்கம் குன்று இருப்பதால் விமானங்கள் பெரும்பாலும் ஒரே பக்கத்திலிருந்துதான் இறங்குகின்றன. அந்த ஓடுதளம் கடற்படையின் ஐஎன்எஸ் உத்க்ரோஷ் தளத்தைச் சேர்ந்தது. பயணிகள் விமானங்கள் அதையே பகிர்ந்துகொள்கின்றன. மழை வலுத்து ஓடுதளம் தெரியாமல் போனால் வட்டமிட்டுக் காத்திருக்க வேண்டிவரும். நிலைமை சரியாகாவிட்டால் சென்னைக்கே திரும்பிய விமானங்களும் உண்டு. பருவமழைக் காலத்தில் போகிறவர்கள் இதை மனத்தில் வைத்துக்கொண்டு, அன்றைய தினமே மறுபடியும் தீவுகளுக்குப் படகு ஏறுவதாகத் திட்டம் போடாமல் இருப்பது நல்லது.

திரும்பும் பயணம் எனக்கு இன்னும் வியப்பாக இருந்தது. போர்ட் பிளேரில் 11.16-க்கு எழும்பிய விமானம் சென்னையில் 12.59-க்குத் தரை தொட்டது. 1 மணி 43 நிமிடம். போகும்போது ஆனதைவிடப் பதின்மூன்று நிமிடம் குறைவு. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் காலமாயிற்றே, கிழக்கே போகும்போதுதானே காற்று பின்னாலிருந்து தள்ளியிருக்க வேண்டும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். உண்மை அதற்கு நேர்மாறானது. தென்மேற்குக் காற்று தரையை ஒட்டிய சில கிலோமீட்டர் உயரத்துக்குள்தான். அதற்கு மேலே, விமானங்கள் பறக்கும் உயரத்திலும் அதைத் தாண்டியும், ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்னிந்தியாவின் மீது காற்று கிழக்கிலிருந்து மேற்காக ஓடுகிறது. இந்தக் கீழை ஜெட் காற்றோட்டத்தை 1950களில் ஆராய்ந்து உலகுக்கு எடுத்துச் சொன்னவர் இந்திய வானிலை அறிஞர் பி. கோட்டேஸ்வரம். ஆக, மழைக்காலத்தில் அந்தமானுக்குப் போகும்போது எதிர்க்காற்று, திரும்பும்போது பின்காற்று. நான் பார்த்த கணிப்பான் தளங்கள் அனைத்தும் போகவும் வரவும் ஒரே நேரத்தைத்தான் தருகின்றன. ஊர்ப் பெயர்களை மாற்றிப் போட்டுப் பார்த்தேன். ஒரு நிமிடம்கூட மாறவில்லை.

இந்தக் குறையை ஈடுகட்டுவது விமானங்களின் நடமாட்டத்தை நேரடியாகக் காட்டும் சேவைகள். ஃப்ளைட்ரேடார்24, ஃப்ளைட்அவேர் போன்றவற்றில் விமான எண்ணை இட்டால், கடந்த சில நாட்களில் அது எப்போது எழும்பியது, எப்போது இறங்கியது என்று வரிசையாகப் பார்க்கலாம். கட்டணம் இல்லாமலேயே நமக்கு வேண்டிய அளவுக்குக் கிடைக்கிறது. போகும் தடத்தில் ஒரு வாரத்து நேரங்களையும் திரும்பும் தடத்தில் ஒரு வாரத்து நேரங்களையும் எடுத்து எழுதிப் பார்த்தாலே காற்றின் கை தெரிந்துவிடும். பயணத்துக்கு முன்பே இதைச் செய்திருக்க வேண்டும். இதைப் பற்றி நான் தெரிந்துகொண்டது ஊர் திரும்பிய பிறகுதான்.

கப்பலைப் பற்றியும் ஒரு வார்த்தை. சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்குப் பயணிகள் கப்பல் ஏறத்தாழ 60 மணி நேரம் எடுத்துக்கொள்ளும். கணிப்பான் தளங்களில் கடல்வழி என்ற பிரிவு இருந்தாலும், நான் பார்த்தவற்றில் அது நேர்கோட்டுத் தூரத்தைக் கடல் மைலுக்கு மாற்றித் தருவதோடு நின்றுவிடுகிறது. போர்ட் பிளேர் துறைமுகம் தென் அந்தமான் தீவின் கிழக்குக் கரையில் இருக்கிறது. மேற்கிலிருந்து வரும் நேர்கோடு தீவின் நிலத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும். கப்பலோ தீவின் முனையைச் சுற்றிக்கொண்டுதான் கிழக்குக் கரைக்கு வந்தாக வேண்டும். துறைமுகம் கடற்கரையின் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்க்காத கடல்வழிக் கணக்கை நம்பிப் பயனில்லை. கப்பலில் அம்மா நினைத்தபோது நடக்கலாம், படுக்கலாம் என்பது உண்மைதான். ஆனால் ஆகஸ்டில் வங்கக் கடல் கொந்தளிப்பாக இருக்கும் என்பதாலும், செங்குத்தான படிகளில் ஏறி இறங்க வேண்டியிருக்கும் என்பதாலும் அந்த எண்ணத்தைக் கைவிட்டேன்.

நேர வேறுபாட்டைப் பற்றி ஒரு தளம் சொன்னதையும் குறிப்பிட வேண்டும். தீர்க்கரேகையை வைத்துக் கணக்கிட்டு, போர்ட் பிளேரில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் வைக்கச் சொன்னது. அது தவறு, இந்தியா முழுவதற்கும் ஒரே நேரம்தான். ஆனால் சூரியன் அந்தக் கடிகாரத்துக்குக் கட்டுப்பட்டதல்ல. 12.46 பாகை கிழக்கே போனால் பாகைக்கு நான்கு நிமிடமாகச் சூரியன் ஏறத்தாழ 50 நிமிடம் முன்னதாக உச்சிக்கு வருகிறது. மாலை ஐந்தரை மணிக்கெல்லாம் வெளிச்சம் மங்கத் தொடங்கியதைப் பார்த்து அம்மா, "என்னடா, மழை வரப்போகுதா?" என்று வானத்தைப் பார்த்துக் கேட்டார். கடற்கரைக்குப் போவதாக இருந்தால் சென்னை வழக்கப்படி ஐந்து மணிக்குக் கிளம்பக் கூடாது. மூன்றரைக்கே கிளம்பிவிட வேண்டும். கணிப்பான் தளங்கள் பறக்கும் நேரத்துக்கு அருகில் சேரும் ஊரின் சூரிய அஸ்தமன நேரத்தையும் ஒரு வரியில் கொடுத்தால் எத்தனை பேருக்கு உதவியாக இருக்கும்!

இப்போது யாராவது என்னிடம் கேட்டால், தூரத்துக்குக் கிரேட் சர்க்கிள் மேப்பரையும், நேரத்துக்கு விமான நடமாட்டச் சேவைகளையும் தயங்காமல் பரிந்துரைப்பேன். ஊர்ப் பெயரை இட்டதும் தூரம், நேரம், செலவு, சாலை, ரயில் என்று எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் அள்ளிக் கொட்டும் தளங்களுக்கு ஐந்துக்கு இரண்டு மதிப்பெண் தரலாம். அந்த இரண்டும் நேர்கோட்டுத் தூரத்தைச் சரியாகத் தருவதற்காக. அவை பயணம் செய்யும் மாதத்தைக் கேட்டு, போவதற்கும் வருவதற்கும் தனித்தனி நேரத்தைச் சொல்லும் நாளில் கூடுதல் மதிப்பெண் தர நான் தயாராக இருக்கிறேன்.

அந்தப் பயண வழிகாட்டிப் பக்கத்தை நடத்துகிறவர்களுக்கு, அட்சரேகை, தீர்க்கரேகைக் கணக்கையும் கடல் மைல் பற்றிய என் ஊகத்தையும் விரிவாக எழுதி, திருத்தும்படி வேண்டிக்கொண்டு மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறேன். இன்று காலையில் போய்ப் பார்த்தேன். இன்னும் 1,190 கி.மீ. என்றே இருக்கிறது. அடுத்த வாரம் மறுபடியும் எழுதுவேன்.